ஸ்டீராய்டு இல்லாமல் எவ்வளவு தசை ஏற்ற முடியும்?

உயரத்தைப் பொறுத்தது. மொத்த எடையில் கொழுப்பைக் கழியுங்கள். மிச்சத்தை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுங்கள். 170 செ.மீ. உயரம், 68 கிலோ எடை, 20% கொழுப்பு உள்ள ஆணுக்கு 54.4 ÷ 2.89 = 18.8. ஸ்டீராய்டு ஊசி போடாதவர்கள் இந்த எண்ணில் 25-ஐத் தாண்டுவது மிக அரிது என்று 1995-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அது இரும்புச் சுவர் அல்ல, ஆனால் நல்ல அளவுகோல். இவர் 22-ஐத் தொட்டாலே கொழுப்பில்லா எடை சுமார் 9 கிலோ கூடியிருக்கும். சட்டை தோளில் பிடிக்கும். அதற்கே சில வருடங்கள் பிடிக்கும். முதல் வருடம்தான் வேகம், பிறகு ஒவ்வொரு கிலோவும் போராட்டம்.

பெரும்பாலோர் சறுக்குவது ஜிம்மில் அல்ல, தட்டில். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்றால் இவருக்குத் தினம் 109 கிராம். நாலு இட்லி, சாம்பாரில் கிடைப்பது சுமார் 12. முட்டைக்கு 6, சமைத்த கோழி நெஞ்சுக்கறி நூறு கிராமுக்கு 30 என்று கூட்டிப் பாருங்கள்.

ஒவ்வொரு தசைக்கும் வாரம் 10 முதல் 20 செட் (இடைவிடாமல் தூக்கும் ஒரு சுற்றுதான் ஒரு செட்), ஒவ்வொன்றும் இன்னும் ஒன்றிரண்டு முறைதான் தூக்க முடியும் என்ற நிலைவரை. கிரியேட்டின் என்ற துணைச்சத்தைத் தொடங்கியதும் ஏறும் ஒரு கிலோ பெரும்பாலும் தண்ணீர். அதைத் தசையென்று எண்ணி ஏமாறாதீர்கள்.