தனிக் குவளைக்கும் ஓர் இடம் வேண்டும்

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளியின் நூற்றாண்டையொட்டிப் பழைய வகுப்பறையில் ஊர் வரலாற்றுக் காட்சியகம் அமைக்கிறோம். ஏர், மாடு பூட்டிக் கிணற்றில் நீர் இறைத்த கவலைச் சால், படி, மரக்கால் எல்லாம் சேர்ந்துவிட்டன. அருந்ததியர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பாட்டி அலுமினியக் குவளை ஒன்றைத் தந்திருக்கிறார். அவருடைய கணவர் அதில் தேநீர் குடித்து, தாமே கழுவிக் கடைக்கு வெளியே கூரையில் செருகி வைக்க வேண்டியிருந்ததாம். "ஊர் ஒற்றுமை கெட்டுவிடும், வைக்க வேண்டாம்" என்கிறார்கள் பெரியவர்கள் சிலர். என்ன செய்வது?
– ஓர் ஆசிரியை, கோபிசெட்டிபாளையம் வட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, குவளையை வையுங்கள்.

பெரியவர்களின் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கைப் போற்றிப் பாதுகாக்கும் நாம், அதைப் பார்த்துக் கூசுவதில்லை. அங்கே கொடுமை செய்தவன் வெள்ளைக்காரன் என்பதால் நமக்குப் பெருமிதமே மிஞ்சுகிறது. குவளை அப்படிப்பட்டதன்று. அதில் தேநீர் ஊற்றியவரின் பேரனும் குடித்தவரின் பேத்தியும் இன்று உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும்.

ஆனால் குவளையை எடுத்துவிட்டாலும் அந்த வரலாறு அறையை விட்டுப் போகாது. கவலைச் சாலிலிருந்து நீர் வெளியேறும் தோல் குழாயான தும்பியைத் தைத்தவர்கள் யார், கிழிந்தபோது ஒட்டுப் போட்டவர்கள் யார்? 'நம் முன்னோர் நீர் இறைத்த கருவி' என்று மட்டும் எழுதி வைத்தால், தோட்டம் வைத்திருந்த விவசாயியின் உழைப்பு தெரியும். அருந்ததியரின் கைவேலை மறைந்துவிடும். அதையும் எழுதுங்கள்.

குறிப்பு அட்டையில் 'இத்தகைய வழக்கம் நிலவியது' என்று பட்டும் படாமலும் எழுதாதீர்கள். யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பது தெரிய வேண்டும்: 'இவ்வூர்த் தேநீர்க் கடைக்காரர்கள் அருந்ததியருக்குத் தனிக் குவளையில் தேநீர் கொடுத்தார்கள், குடித்தவர்களே அதைக் கழுவி வைக்க வேண்டும்.' 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்ததையும், அதன் பிறகும் இது தொடர்ந்ததென்று பாட்டி சொன்னால் அதையும் சேருங்கள். கடைக்காரரின் பெயர் மட்டும் வேண்டாம். சிறிய ஊரில் அந்தப் பழி பேரப்பிள்ளைகள் மேல் விழும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை, 1966-இல் நிறவெறி அரசு வெள்ளையருக்கு மட்டும் உரியதென அறிவித்து, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் படிப்படியாக வெளியேற்றியது. அங்கு 1994-இல் திறந்த அருங்காட்சியகத்தில், தரையில் விரித்த பெரிய வரைபடத்தின் மீது, வெளியேற்றப்பட்டவர்களே தாங்கள் குடியிருந்த இடத்தில் பெயர் எழுதினார்கள். நீங்களும் அந்தக் குடியிருப்பிலிருந்து இரண்டு மூன்று பேரையாவது விழாக் குழுவில் சேருங்கள். பொருள் வாங்கும்போது மட்டும் தேடிப் போவது முறையாகாது. அட்டையின் வாசகத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் பாட்டியிடம் படித்துக் காட்டி, அவர் மாற்றச் சொல்வதை மாற்றுங்கள். பெயர் போடலாமா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்; பின்னொரு நாள் அவர் வீட்டார் குவளையைத் திரும்பக் கேட்டால், மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுங்கள்.