ரேகை தேய்ந்த விரலும் டச் போனும்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் முக்கூடல். சென்னையில் வேலை. அம்மாவுக்கு 69 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றியவர், இப்போது பி.எஃப். பென்ஷன் வருகிறது. ஒவ்வொரு வருஷமும் உயிர்ச் சான்று கொடுக்கப் போனால் மெஷினில் ரேகை விழுவதில்லை. இரண்டு மூன்று தடவை அலைய வேண்டியிருக்கிறது. போனிலேயே முடித்துவிடலாமே என்று டச் போன் வாங்கிக் கொடுத்து, தினமும் ராத்திரி வீடியோ காலில் சொல்லித் தருகிறேன். பத்து நிமிஷத்தில் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. "இந்தச் சவம் எனக்கு வேண்டாம்ட்டி, ஆளை விடு" என்று அவர் எழுந்து போய்விடுகிறார். இந்த வயதுக்கு மேல் இதெல்லாம் வராதா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: வரும். ஆனால் கடைசிப் பாடத்தை நீங்கள் முதல் பாடமாக எடுத்துவிட்டீர்கள்.

முகத்தைக் காட்டி உயிர்ச் சான்று கொடுக்கும் முறை 2021 கடைசியில் வந்தது. பி.எஃப். பென்ஷன்காரர்களுக்கு 2022லிருந்து உண்டு. ரேகை தேய்ந்த கைக்கு நல்ல வழிதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு இரண்டு ஆப் வேண்டும், ஆதார் எண், ஓடிபி, பென்ஷன் உத்தரவில் இருக்கும் பி.பி.ஓ. எண், அப்புறம் கேமரா முன்னால் கண் சிமிட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை செய்கிற வேலை. உங்களுக்கே அடுத்த வருஷம் மறந்துபோகும். பி.எஃப். பென்ஷனுக்கு நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். ஊருக்குப் போகிற சமயம் பார்த்து நீங்களே முடித்துக் கொடுத்துவிடுங்கள். போக முடியாத வருஷம் தபால்காரரிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து பதிவு செய்வார்.

அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: பீடி சுற்ற யார் சொல்லிக் கொடுத்தார்கள், முதல் நாளே ஆயிரம் சுற்றச் சொன்னார்களா என்று. சொளகை மடியில் வைத்து இலை வெட்டப் பழகவே எத்தனை நாள் ஆகியிருக்கும்! தூள் அளவு கைக்குப் பிடிபடுவது, சுருட்டுவது, நூல் கட்டுவது எல்லாம் அதற்குப் பிறகு. அந்த விரல்களுக்குப் பழக்கம் என்றால் என்னவென்று நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒரு ராத்திரிக்கு ஒரு வேலை போதும். அதையே நாலு நாள் செய்யட்டும்.

போனையும் கொஞ்சம் பழக்க வேண்டியிருக்கிறது. பட்டன் போனில் பழகியவர்கள் அழுத்தி, கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்வார்கள். டச் போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும். சேரன்மகாதேவியில் இருக்கும் என் அப்பா இப்படி அழுத்திப் பிடித்து, வாட்ஸ்அப்பையே திரையிலிருந்து காணாமல் அடித்துவிட்டார். கெடுத்துவிட்டோம் என்று பயந்து, போனைத் துண்டில் சுற்றி பீரோவுக்குள் வைத்து, ஒரு வாரம் என்னிடம் மூச்சுவிடவில்லை. அதற்கு முந்தின வாரம் நான் ஏசிய ஏச்சு அப்படி. செட்டிங்ஸில் அக்சஸபிலிட்டி என்ற பகுதியில் 'டச் அண்ட் ஹோல்ட் டிலே' என்று இருக்கும். அதை 'லாங்' என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். எழுத்தையும் பெரிதாக்கிவிடுங்கள்.

பழைய பட்டன் போனைத் தூக்கிப் போடவில்லையே? பேச்சும் பாடமும் ஒரே போனில் நடப்பதில்தான் நீங்கள் தடுமாறுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எந்தப் போனைப் பழக வேண்டுமோ அதிலேயே உங்கள் முகமும் தெரிந்தால், அவர் முகத்தைப் பார்ப்பாரா, பட்டனைத் தேடுவாரா? பட்டன் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, டச் போனைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள். "மேலே ரைட் சைடுல மூணு புள்ளி" என்று நீங்கள் ஆரம்பிக்காதீர்கள். "என்ன தெரியுதும்மா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரே அந்தப் படத்துக்குப் பெயராக இருக்கட்டும். என் அப்பாவுக்கு யூடியூப் இன்றைக்கும் 'செவப்புப் பெட்டி'தான்.

தொலைவில் இருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். பக்கத்தில் இருந்திருந்தால் மூன்றாவது நிமிஷம் போனைப் பிடுங்கி நீங்களே செய்து முடித்திருப்பீர்கள். சென்னையிலிருந்து பிடுங்க முடியாது. அவர் விரல்தான் நகர்ந்தாக வேண்டும்.

எதில் தொடங்குவது? அவருக்கு எது ஆசையோ அதில். ஊர்க் கோயில் கொடையில் கேட்ட வில்லுப்பாட்டு பிடிக்கும் என்றால், யூடியூபில் மைக் படத்தைத் தொட்டு "சுடலைமாடன் வில்லுப்பாட்டு" என்று சொல்லட்டும். எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை. நம்ம ஊர்ப் பேச்சு சில நேரம் அதற்குப் புரியாமல் வேறு எதையாவது கொண்டுவந்து நிறுத்தும். இரண்டு வசவு வாங்கிக்கொண்டு அடுத்த தடவை சரியாகக் கொடுக்கும். அப்புறம் வாய்ஸ் மெசேஜ். அப்புறம் அவராகவே உங்களை வீடியோ காலில் கூப்பிடுவது.

போனில் பணம் அனுப்புவதை ஆறு மாசத்துக்குத் தொடாதீர்கள். தொடும்போதும் பென்ஷன் வரும் கணக்கை இணைக்க வேண்டாம். ஐந்நூறோ ஆயிரமோ போட்டு வேறு கணக்கு இருக்கட்டும். பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை, கொடுக்க மட்டும்தான் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கலாம். வாட்ஸ்அப் வீடியோ காலில் திரையைப் பகிரும் வசதி 2023லிருந்து இருக்கிறது. சொல்லித் தர அதைவிட வசதி கிடையாது, ஏமாற்றுக்காரனுக்கும் அதைவிட வசதி கிடையாது. வருகிற ஓடிபிகூட அவன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால் அம்மாவே உங்களைக் கூப்பிட்டு, உங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் பகிர்வது என்று பழக்குங்கள். பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று யார் கேட்டாலும் கிடையாது. மீறி ஏதாவது நடந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட வேண்டும். அந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

கிராமத்துக்கு டிஜிட்டல் எழுத்தறிவு என்று 2017ல் மத்திய அரசு தொடங்கி 2024ல் முடித்த திட்டத்தில் வயது வரம்பு 14லிருந்து 60 வரை இருந்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு அதிலும் பெஞ்சு போடவில்லை. ஆக, வாத்தியார் வேலை உங்கள் தலையில்தான்.

இன்று ராத்திரி பாடம் வேண்டாம். போன வருஷம் உயிர்ச் சான்று கொடுத்த ரசீது பாஸ்புக்கோடு இருக்கிறதா, அதில் என்ன தேதி என்று மட்டும் கேளுங்கள். அதே தேதி திரும்பி வருவதற்கு ஒரு மாசம் முன்னதாக ஊர் போய்ச் சேர்கிற மாதிரி ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள்.