ஆளுநரின் துணைவியாரை விழாவுக்கு அழைக்கிறீர்களா? அச்சகத்துக்குப் போகும் முன் படியுங்கள்

கேள்வி: ஏற்காடு மலைக் கிராமங்களைச் சேர்ந்த மகளிர் சுய உதவிக் குழுவினர் நாங்கள். மிளகு, காபித்தூள், தேன் விற்க ஒரு சிறு கட்டடம் கட்டியிருக்கிறோம். ஆளுநரின் துணைவியார் வந்து திறந்து வைத்தால் நன்றாக இருக்கும் என்று எல்லோருக்கும் ஆசை. யாருக்கு எழுத வேண்டும்? அழைப்பிதழில் 'மாண்புமிகு முதல் பெண்மணி' என்று போடலாமா? மேடையில் எங்கே உட்கார வைப்பது? இங்குள்ள 'லேடீஸ் சீட்' காட்சிமுனை அந்தக் காலத்து ஆளுநர் மனைவி உட்கார்ந்த இடம் என்கிறார்களே, வரவேற்புரையில் அதைச் சேர்க்கலாமா? (ஒரு வாசகி, ஏற்காடு)

பதில்: அம்மா, அழைப்பிதழிலிருந்தே தொடங்குகிறேன், தப்பு அதிகம் நடப்பது அங்கேதான். 'திருமதி' போட்டு, அவர் பெயரை முழுதாக எழுதி, 'அவர்கள்' சேருங்கள். அடுத்த வரியில், கொஞ்சம் சிறிய எழுத்தில், 'தமிழ்நாடு ஆளுநரின் துணைவியார்'. அவ்வளவு போதும். 'மாண்புமிகு' வேண்டாம், 'முதல் பெண்மணி'யும் வேண்டாம்.

மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று பயப்படாதீர்கள். 'மாண்புமிகு' பதவிக்கு உரிய சொல். முன்பு ஆளுநரை 'மேதகு' என்றுதான் எழுதிவந்தோம். 2012இல் பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவராக இருந்தபோது உள்நாட்டு நிகழ்ச்சிகளில் அந்தப் பழைய அடைமொழியைத் தவிர்க்கச் சொன்னார்கள். ஆளுநரின் மனைவிக்கோ கணவருக்கோ நம் அரசமைப்பில் பதவி என்று ஒன்று கிடையாது. 153ஆம் பிரிவு முதல் ஆளுநரைப் பற்றிப் பேசுகிற பகுதியில் நியமனம், தகுதி, உறுதிமொழி, வாடகையில்லா இல்லம் எல்லாம் வருகின்றன. துணைவருக்கு ஒரு கடமையும் சொல்லப்படவில்லை. 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆளுநரின் ஊதியம் இப்போது மாதம் 3.5 லட்சம் ரூபாய். குடும்பத்தினருக்கு மருத்துவம் போன்ற வசதிகள் உண்டு, துணைவியாருக்குத் தனி ஊதியம் இல்லை. ஆளுநரால் வர முடியாத விழாவில் அவருக்குப் பதிலாக அவர் மனைவி கையெழுத்திடவோ, பல்கலைக்கழக வேந்தராக நின்று பட்டம் கொடுக்கவோ முடியாது. ஆளுநர் நெடுநாள் பணியாற்ற இயலாமல் போனால் ஏற்பாடு செய்ய வேண்டியவர் குடியரசுத் தலைவர். வழக்கமாக வேறு மாநில ஆளுநருக்குக் கூடுதல் பொறுப்புக் கொடுப்பார்கள்.

'முதல் பெண்மணி' அமெரிக்காவிலிருந்து வந்த வழக்கம். அங்கே மாநில ஆளுநரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரசாரத்தில் மனைவியும் கூடவே ஊர் ஊராகப் போகிறார், வென்ற பிறகு பல மாநிலங்களில் அவருக்கென்று உதவியாளர்களும் இருப்பார்கள். நம் ஆளுநர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுகிறவர். வட மாநிலங்கள் சிலவற்றில் 'லேடி கவர்னர்' என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள்; அதுவும் பழக்கமே தவிரப் பதவியல்ல.

இந்த 'லேடி' எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்கள் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். சேலத்துக்காரர்களுக்கு இதற்கு நெருக்கமான உதாரணமே இருக்கிறது. தாமஸ் மன்றோ 1792 முதல் 1799 வரை பாராமகாலிலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) சேலம் பக்கத்திலும் நிலம் அளந்து வரி வகுத்தவர். 1814இல் ஜேன் காம்ப்பெல்லை மணந்தார். 1819இல் மன்றோவுக்கு 'சர்' பட்டம் வந்தது, அன்றே ஜேன் 'லேடி மன்றோ' ஆகிவிட்டார். மன்றோ சென்னை ஆளுநரானது 1820இல்தான். ஆக, 'லேடி' கணவரின் பட்டத்தோடு ஒட்டி வந்தது, ஆளுநர் பதவியோடு வந்ததல்ல. நோயுற்ற குழந்தையோடு 1826இல் அந்த அம்மாள் கப்பலேறினார். அடுத்த ஆண்டு ஜூலையில் மன்றோ இன்றைய ஆந்திராவிலுள்ள பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். மறுபடி இருவரும் சந்திக்கவேயில்லை. ஆளுநர் மனைவி என்ற வாழ்வின் இந்தப் பக்கத்தை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

பின்னால் வந்தவர்கள் மருத்துவமனை, பள்ளி, நிதி திரட்டல் என்று இறங்கினார்கள். சென்னைக் கடற்கரைச் சாலையில் 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மங்களூரின் லேடி கோஷன் மருத்துவமனை, இரண்டும் ஆளுநர் மனைவியரின் பெயரைத் தாங்கி இன்றும் நிற்கின்றன. சுதந்திரத்துக்குப் பிறகு அரசமைப்பின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்துவிட்டது. அதோடு 'லேடி'க்கு இருந்த அடிப்படையும் போயிற்று, சேவை செய்யும் வழக்கம் மட்டும் தங்கியது. இமாச்சலப் பிரதேசத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவமனை நலப் பிரிவுக்கு ஆளுநரின் துணைவியார் தலைமை ஏற்பது வழக்கம். குடியரசு தின, சுதந்திர தினத் தேநீர் விருந்துகளில் ஆளுநரோடு நின்று விருந்தினரை வரவேற்பதும் மரபு.

ஆளுநர் பெண்ணாக இருந்தால்? சரோஜினி நாயுடு 1947இல் ஐக்கிய மாகாணத்தின் ஆளுநரானார்; கணவர் கோவிந்தராஜுலு மருத்துவர். நம் தமிழிசை சௌந்தரராஜன் 2019இல் தெலங்கானா ஆளுநரானபோது அவர் கணவரும் மருத்துவர்தான். அவர்களுக்கு யாரும் புதுப் பட்டம் தேடவில்லை. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டோம், நிறைவாக இருந்தது. மனைவிக்கும் அதே நியாயம்தானே? நீங்கள் அழைக்கப்போகிறவர் ஆசிரியையோ, வழக்கறிஞரோ, இசை கற்றவரோ, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வரவேற்புரையில் சொல்லுங்கள். கணவரின் பதவியை மூன்று முறை சொல்வதைவிட அவர் மனத்துக்கு அது இதமாக இருக்கும்.

நான் வருவாய்த் துறையில் இருந்தபோது சேலத்தில் பிரமுகர் வருகை ஏற்பாடுகளைப் பல ஆண்டு பார்த்தவன். ஒரு கல்வி நிறுவன விழாவுக்கு அழைப்பிதழ் முழுவதும் அச்சாகி வந்த பிறகுதான் அடைமொழி தப்பு என்று தெரிந்தது. இரவு பதினொரு மணிக்கு ஆசிரியைகள் தரையில் உட்கார்ந்து, திருத்திய வரியைப் பட்டை பட்டையாக வெட்டி, பசை தடவி ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். விளக்குக்கு நேரே பிடித்தால் அடியிலிருந்த பழைய சொல் அப்படியே தெரிந்தது. மாதிரிப் படி என் மேசைக்கு வந்திருந்தது; படிக்காமல் அனுப்பியவன் நான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி செய்ய வேண்டியது. 'ஆளுநரின் செயலாளர், லோக் பவன் (முன்பு ராஜ் பவன்), கிண்டி, சென்னை 600022' என்ற முகவரிக்குக் கடிதம் எழுதுங்கள், நகலை சேலம் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். என்ன விழா, எத்தனை பேர் வருவார்கள், எந்த இரண்டு மூன்று தேதிகள் வசதி, பொறுப்பாளரின் தொலைபேசி எண், இவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். எழுத்துமூலம் ஒப்புதல் வராமல் ஒரு பிரதிகூட அச்சிடாதீர்கள். ஒப்புதல் வந்ததும் மாதிரிப் படியை அனுப்பி, அவர் தம் பெயரை எப்படி எழுத விரும்புகிறார் என்று கேட்டு வாங்குங்கள். நிமிடவாரி நிகழ்ச்சி நிரலும் கேட்பார்கள்.

அவர் தனியே வந்தால் மற்ற சிறப்பு விருந்தினரைப் போல மேடையின் நடுவில் அமர வையுங்கள். ஆளுநரும் வந்தால் நடு இருக்கை ஆளுநருக்கு. தேசிய முன்னுரிமைப் பட்டியலில் தம் மாநிலத்துக்குள் ஆளுநருக்கு 4ஆம் இடம், அது பதவிக்கு உரியது. அமைச்சர் யாராவது வருவதானால் இருக்கை வரிசையை நீங்களாகத் தீர்மானிக்காமல் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஆளுநர் வருகைக்கு மரியாதையாக தேசிய கீதம் இசைப்பது போல அவர் மனைவிக்குச் செய்வதில்லை. வழக்கம்போலத் தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, முடிவில் தேசிய கீதம்.

லேடீஸ் சீட் கதையை விட்டுவிடுங்கள். மாலையில் வந்து உட்கார்ந்த வெள்ளைக்காரப் பெண்மணி யார் என்பதற்கு ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், ஆதாரம் காட்டுவாரில்லை. சொல்ல வேண்டுமானால் 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்ததைச் சொல்லுங்கள். இன்று அந்தக் காபியை வறுத்து அரைத்து விற்பது நீங்கள் என்று முடித்தால் கேட்பவருக்குச் சட்டென்று பிடிபடும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கீழேயிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறார். வந்ததும் மாலை, மேளம் என்று மேடைக்கு இழுக்காமல், பக்கத்தில் ஓர் அறையில் கால் மணி நேரம் உட்கார விடுங்கள். வெந்நீரும், சர்க்கரை தனியாக வைத்து உங்கள் காபியும் கொடுங்கள். விலையுயர்ந்த பரிசு வேண்டாம். திரும்பும்போது கால் கிலோ மிளகும் ஒரு பாட்டில் தேனும், குழுவின் பெயர் எழுதிய துணிப்பையில்.