எல்லாரும் என்னையே கேட்கிறார்கள்!

தொழில் கேள்வி – பதில்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தி வருகிறோம். பட்டறைக்குள் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். சங்கிலி பின்னுவதும் பற்றவைப்பதும் பனங்காடு, சிவதாபுரம் பக்கத்து வீடுகளுக்குக் கூலி வேலையாகப் போகின்றன. ஆர்டருக்குக் குறைவில்லை. ஆனால் எடையா, டிசைனா, முன்பணமா, இன்றைய விலையா, எதுவானாலும் என்னிடமே வருகிறார்கள். இரவு சாப்பிடும்போதும் கைப்பேசி ஓய்வதில்லை. வீட்டு வேலையோடு கணக்கும் எழுதும் என் மனைவியும் சலித்துவிட்டார். ஒரு மேனேஜரை வைத்தால் தீருமா?
– பட்டறை உரிமையாளர், சேலம்

பதில்: இப்போதே மேனேஜரை வைத்தால், உங்களிடம் கேள்வி கேட்பவர்களில் ஒருவர் கூடுவார், அவ்வளவுதான். பதில்கள் எல்லாம் உங்கள் நினைவில் மட்டுமே இருக்கும்வரை, எவ்வளவு திறமையானவர் வந்தாலும் அவரும் உங்கள் மேசை முன்னால்தான் வந்து நிற்பார்.

முதலில் ஒரு வாரம், உங்களிடம் வரும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் கேட்டார், என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்ற மூன்று மட்டும் போதும். வார முடிவில் படித்துப் பார்த்தால், கேள்விகள் நீங்கள் நினைத்த அளவுக்கு இல்லை என்பதும், அதே சில கேள்விகள்தாம் ஆள் மாறி ஆள் மாறித் திரும்ப வருகின்றன என்பதும் தெரியும். எப்போதும் ஒரே பதில் பெறும் கேள்வியை எழுதி ஒட்டிவிடலாம். ஓர் அளவுக்குள் ஒரே பதில் பெறும் கேள்வியை இன்னொருவரிடம் விடலாம். உங்கள் அனுபவத்தைக் கொண்டு எடைபோட்டுப் பதில் சொல்ல வேண்டியவை மட்டுமே உங்களுக்கு உரியவை. அவை மிகக் கொஞ்சமாகவே இருக்கும்.

உங்கள் தொழிலில் முதலில் ஒழுங்குக்கு வர வேண்டியது எடை. கட்டியாக வந்த வெள்ளி உருக்கப்பட்டு, கம்பியாக இழுக்கப்பட்டு, சங்கிலியாகப் பின்னப்பட்டு, பற்றவைத்து, முத்தும் சலங்கையும் சேர்ந்து, மெருகேறிக் கொலுசாக முடிவதற்குள் பல கைகள் மாறுகிறது; ஒவ்வொரு கையிலும் சிறிது சேதாரம் உண்டு. அந்தச் சேதாரம் நியாயமானதுதானா என்ற சந்தேகமே உங்களை நாள் முழுவதும் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. ஆகவே வெள்ளி கை மாறும் இடந்தோறும் கொடுத்த எடை, திரும்பி வந்த எடை, கூடவே வந்த துகளின் எடை, தேதி ஆகியவற்றை எழுதி, கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்திட்ட சீட்டு ஒன்று இருக்கட்டும். சில மாதச் சீட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், எந்த வேலைக்கு எவ்வளவு சேதாரம் வழக்கம் என்பது உங்கள் பட்டறையின் கணக்கிலிருந்தே வந்துவிடும். பக்கத்துப் பட்டறையின் அளவை வாங்கிப் போட வேண்டாம். டிசைனுக்கு டிசைன் அது மாறும். அந்த அளவுக்குள் வரும் வேலையை மூத்த தொழிலாளி ஒருவரே வரவு வைத்துக்கொள்ளட்டும். அளவைத் தாண்டியது மட்டும் உங்களிடம் வரட்டும். முதல் மாதம் உங்களுக்குக் கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே போகும் வெள்ளிக்கு இந்த ஒழுங்கைச் சட்டமும் கேட்கிறது. கூலி வேலைக்கு அனுப்பும் மூலப்பொருள் சலானுடன், அதாவது சரக்கு அனுப்பும் சீட்டுடன், போக வேண்டும், ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. நீட்டிப்புப் பெறாமல் அந்தக் கெடு தாண்டினால், அனுப்பிய நாளிலேயே அது விற்கப்பட்டதாகக் கருதப்படும். உங்கள் சீட்டின் எண்ணும் சலான் எண்ணும் ஒன்றையொன்று காட்டுமாறு எழுதினால், ஆண்டு முடிவில் ஆடிட்டர் கேட்கும்போது வீடு வீடாக அலைய வேண்டியிருக்காது.

அடுத்தது விலை. வாடிக்கையாளர் வெள்ளியைக் கொடுத்துக் கூலியை மட்டும் வாங்கும் ஆர்டரையும், உங்கள் வெள்ளியில் செய்து விற்கும் ஆர்டரையும் ஒரே நோட்டில் எழுதுகிறீர்களா? எழுதினால் இன்றே பிரித்துவிடுங்கள். முதல் வகையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் உங்களுக்குக் கவலையில்லை. இரண்டாவதில் வெள்ளி ஒரே நாளில் ஏறும் ஏற்றம் முழுக் கூலியையும் தின்றுவிடக்கூடும். காலையில் ஒரு விலையை நீங்கள் நிர்ணயித்துப் பலகையில் எழுதுங்கள்; முன்பணம் வந்து சேர்ந்த நேரத்து விலையே அந்த ஆர்டருக்கு உரியது என்றும், வெறும் பேச்சுக்கு விலை கட்டுப்படாது என்றும் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். சந்தை கடுமையாக ஆடும் நாளில் மட்டும் பலகையை இடையில் மாற்றினால் போதும்.

தொழிலாளர் முன்பணத்துக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். மருத்துவச் செலவுக்கு மட்டும் விலக்கு. உங்கள் மனைவி செய்வது உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த எண்ணத்தை மாற்றுங்கள். அது ஒரு முழு வேலை. அதற்கு நேரமும், மேசையும், மாதச் சம்பளமும் வேண்டும். குடும்பத் தொழில்களில் பெரும்பாலும் இந்த ஒன்றுதான் கணக்கில் வராமலே போகிறது.

தீபாவளி நெருக்கத்தில் இவற்றைத் தொடங்கினால் எல்லாம் இரண்டே நாளில் பழையபடி ஆகிவிடும். கல்யாணங்கள் இல்லாத ஆடி மாதம் ஏற்றது. கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே விடுமுறை விடும் நாட்கள் போக மீதி நாட்கள் போதும். ஆவணி முகூர்த்தங்கள் வருமுன் எடைச் சீட்டாவது பழகியிருக்கும். மேனேஜரைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். அப்போது ஒருவேளை மூத்த தொழிலாளியே போதும் என்று தோன்றும்.

கேள்வி: ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டமும், தோட்டத்துக்குள்ளேயே தங்குவதற்கு ஐந்து அறைகளும் வைத்திருக்கிறேன். டிசம்பரில் பழம் பறிக்க ஆள் தேடும் நேரத்தில்தான் விடுமுறைக் கூட்டமும் வருகிறது. இரண்டையும் நானே பார்க்கிறேன். ஒரே அறையை இருவருக்குக் கொடுத்து அவமானப்பட்டதும் உண்டு.
– வாசகி, ஏற்காடு

பதில்: அம்மா, அறை விஷயம் எளிது. அறைக்கு ஒரே பதிவேடு, முன்பணம் வந்தால் மட்டுமே பதிவு, பதிவு செய்யும் கையும் ஒன்றே. நீங்கள், உங்கள் மகன், சமையல்காரர் என்று மூவரும் மூன்று கைப்பேசிகளில் ‘சரி’ சொல்லும்வரை இந்தத் தவறு நிற்காது.

கடினமானது டிசம்பர். செடியில் பழுத்த பழம் காத்திருக்காது. பறித்ததை அன்றன்றே பதப்படுத்தவும் வேண்டும். விருந்தினரை முன்கூட்டியே மறுக்க முடியும், பழத்தை மறுக்க முடியாது. எனவே அறுவடை உச்சத்தில் இருக்கும் வாரங்களில் இரண்டு அறைகளை மூடிவிடுவதே என் யோசனை. வருமானம் குறையும் என்பீர்கள். பறிக்காமல் உதிர்ந்த பழத்தின் விலையையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். மே மாதக் கோடை விழாவின்போது தோட்டத்தில் அவ்வளவு அவசரம் இராது. அப்போது ஐந்து அறைகளையும் திறந்து, விலையையும் சற்று உயர்த்தலாம்.

கேள்வி: இளம்பிள்ளையில் விசைத்தறிச் சேலை உற்பத்தி செய்கிறேன். நீங்கள் சொல்லும் ஒழுங்கெல்லாம் பணம் நேரத்துக்கு வந்தால்தானே? வெளியூர்க் கடைகள் நான்கு மாதம், ஐந்து மாதம் இழுக்கின்றன. கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று பயம்.
– உற்பத்தியாளர், இளம்பிள்ளை

பதில்: பயம் நியாயமானதே, ஆயினும் சட்டம் உங்கள் பக்கம் இருப்பதை அறிந்துகொண்டு பேசுவது வேறு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன கெடுவுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடுவும் 45 நாட்களைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்கள்தாம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தத்தின்படி, கெடு தாண்டி நிலுவையில் இருக்கும் தொகையை வாங்கியவர் உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். ஆகவே மார்ச் நெருங்கும்போது அவருடைய ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார். இதற்கெல்லாம் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு, தேவை. சரக்கு அனுப்புவதற்கு முன்பே அது கையில் இருக்கட்டும், பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள்.

வழக்கு வரை போக வேண்டிய நிலை எல்லாருக்கும் வராது. திங்கட்கிழமைதோறும் கடைவாரியாக நிலுவையை 15 நாள், 45 நாள், அதற்கு மேல் என்று பிரித்து எழுதுங்கள். கேட்கும் வேலையை நீங்கள் செய்யாமல், கணக்குப் பார்ப்பவரிடம் கொடுங்கள். உங்களுக்குக் கூச்சம் தரும் பேச்சு அவருக்கு அன்றாட வேலை. 45 நாளைத் தாண்டிய கடைக்குப் பழைய பாக்கி வந்த பிறகே அடுத்த கட்டு லாரியில் ஏறும் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள். இரண்டு கடைகள் விலகக்கூடும். அவை எவை என்பது நிலுவைப் பட்டியலைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.