பதில்: அரிய சொல்லிலும் பார்வை கூடுதலாகத் தங்கவில்லையே, ஏன்?

வாசிக்கும்போது கண் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்த உங்கள் சோதனையில், அரிய சொல்லில் பார்வை கூடுதலாகத் தங்கும் என்று எதிர்பார்த்தும் அப்படி வரவில்லை என்கிறீர்கள். உங்கள் சொற்பட்டியலில்தான் சிக்கல். சொற்களின் நீளத்தை யூனிகோடு குறிகளை (கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகுகள்; புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனியே எண்ணப்படும்) எண்ணிச் சமப்படுத்தியிருக்கிறீர்கள். ‘பட்டம்’, ‘கொடுமை’ இரண்டுக்கும் 6 குறிகள்தான். ஆனால் எழுத்து முறையே 4, 3. திரையிலோ எழுத்து குறைந்த ‘கொடுமை’தான் அகலம், கொம்பும் காலும் இடம் பிடிக்கின்றனவே! கண்ணுக்குத் தெரிவது அகலம்தான். கண் குறுகிய சொல்லைப் பல நேரம் தாவிவிடும், அகலமான சொல்லில் சில நேரம் இரண்டாம் முறையும் நிற்கும். அந்த வேறுபாடு சொல்லின் புழக்க அளவால் வரும் வேறுபாட்டை மறைத்துவிடும்.

பயன்படுத்தும் எழுத்துருவிலேயே பிக்சல் அகலத்தை அளந்து, ஒரே அகலமுள்ள அரிய சொல்லையும் புழக்கச் சொல்லையும் இணை சேருங்கள். இலக்குச் சொல் (நீங்கள் அளக்கும் சொல்) வரியின் முதலிலோ கடைசியிலோ வரக்கூடாது. அதற்கு முந்தைய சொல்லும் இணையின் இரு வாக்கியங்களிலும் ஒன்றாக இருக்கட்டும். 80 மில்லிநொடிக்குக் குறைந்த நிலைப்புகளை (கண் ஓரிடத்தில் நிற்பதை நிலைப்பு என்போம்) நீக்கிவிட்டு, மொத்த நேரத்தை மட்டும் பார்க்காமல் முதல் நிலைப்பு நேரத்தையும் தனியே பாருங்கள். வேர்ச்சொல் பழகியதாக இருந்தாலும் ‘வீட்டிலிருந்தபடியே’ போன்ற வடிவம் அரிதுதான். வேர்ச்சொல், வடிவம் இரண்டின் புழக்க எண்ணிக்கையும் வேண்டும்.