ரோல் குழைகிறதா? முதலில் வில்லைக் கவனியுங்கள்

கேள்வி: மேற்கத்திய வயலினில் மூன்றாம் கிரேடு தேர்வு முடித்திருக்கிறேன். இப்போது ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஐரிஷ் ஃபிடிலை (அயர்லாந்து நாட்டுப்புற வயலின் வாசிப்பு) நானாகவே பழகுகிறேன். சுரம் தப்புவதில்லை. ஆனால் ஜிக் என்ற ஆட்ட மெட்டை வாசித்தால் ஆட்டத்துக்கான துள்ளல் வரவில்லை. ரோல் (ஒரு சுரத்தை மேல், கீழ்ச் சுரங்களால் வெட்டி அலங்கரிப்பது) போட்டால் குழைகிறது. எங்கே பிழை?

பதில்: ரோலை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். துள்ளல் பிறப்பது வில் கையில்.

ஜிக் 6/8 தாளம்; பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) ஆறு குவேவர், அதாவது ஆறு சம நீளச் சுரங்கள். கிரேடு பழக்கத்தில் மும்மூன்றாகச் சேர்த்து இழுப்பீர்கள், அதில்தான் நடை படுத்துவிடுகிறது. மூன்றாவதையும் நான்காவதையும் ஒரே வில்லில் இணையுங்கள். ஆறாவதை அடுத்த பாரின் முதலாவதோடு இணையுங்கள். இரண்டாவதும் ஐந்தாவதும் தனித்தனி வில். இப்போது தாள அடி வில்லின் நடுவே விழும். அந்த இடத்தில் வில் கையின் சுட்டுவிரலால் லேசாக அழுத்துங்கள். மெட்ரோனோம் பாருக்கு இரண்டு அடியாக 60-இல் தொடங்கட்டும். கை பழகியதும் இந்த ஒழுங்கை நீங்களே கலைத்துவிட வேண்டும். பாருக்குப் பார் இதையே செய்தால் தையல் மிஷின் ஓடுவதுபோல இருக்கும்.

இனி ரோல். டி தந்தியில் இரண்டாம் விரலால் (நடுவிரல்) எஃப் ஷார்ப் பிடியுங்கள்; முதல் விரலும் தந்தியிலேயே இருக்கட்டும். ரோலுக்கு மூன்று குவேவர் நேரம், ஒரே வில். இரண்டாவது குவேவர் தொடங்கும்போது மூன்றாம் விரல் தந்தியைச் சட்டென்று தட்டிவிட்டு விலக வேண்டும். மூன்றாவது தொடங்கும்போது இரண்டாம் விரலைக் கணநேரம் தூக்கி வையுங்கள். அந்த இரண்டு தட்டலிலும் ஜி, இ என்று சுரம் தெளிவாகக் கேட்டால் விரல் அதிக நேரம் அழுந்துகிறது என்று பொருள். குழைவுக்குக் காரணம் அதுதான். கர்நாடக கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது உறுத்தும். இங்கே சுரத்தை வளைப்பதில்லை, தட்டிவிடுகிறோம். வைப்ரேட்டோவையும் (விரலை ஆட்டிச் சுரத்தை அதிரவிடுவது) இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

வில் ட்ரிப்லெட்டுக்கு (மூன்று சுரங்களை வேகமான தனி வில்லில் வாசிப்பது) வில்லின் மேல்பாதியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். மணிக்கட்டும் விரல்களும் மட்டும் அசையட்டும். சற்றுக் கரகரப்பது பிழையல்ல.

எல்லா வட்டாரப் பாணியையும் கலக்காதீர்கள். ஃபிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன் 1920களில் நியூயார்க்கில் பதிந்த ஸ்லைகோ வட்டார வாசிப்பில் ரோல் நிறைய. டோனகால் வட்டாரத்தில் தனி வில்லும் ட்ரிப்லெட்டும் மேலோங்கும். தனியாகப் பழகுபவருக்கு கெர்ரி–கார்க் எல்லையின் ஸ்லீவ் லூக்ரா வட்டாரத்துப் போல்கா ஆட்ட மெட்டுகள் நல்ல தொடக்கம்: 2/4 தாளம், பெரும்பாலும் முதல் பொசிஷனிலேயே (இடக்கையை மேலே நகர்த்தாமல்) முடிந்துவிடும். ஒரு மெட்டை வாயால் முணுமுணுக்க வரும்வரை வயலினைத் தொடாதீர்கள். பிறகு பதிவின் வேகத்தைப் பாதியாக்கி, வில் எங்கே திரும்புகிறது என்பதை மட்டும் கேளுங்கள்.