முன்பணம் கொடுப்பதற்கு முன் பட்டறையைப் பாருங்கள்

கேள்வி: ஆம்பூரில் தோல் கைப்பைகள் தைத்து விற்கிறேன். அவற்றுக்கு வளைவான மரக் கைப்பிடி மாதம் 150 ஜோடி தேவைப்படுகிறது. பெரிய தொழிற்சாலைகள் 2,000 ஜோடிக்குக் குறைவாக ஆர்டர் எடுப்பதில்லை. வேலூரில் ஒருவர் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லி, பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? மரத்தை நான் வாங்கித் தருவதா, அவரே வாங்கட்டுமா?

பதில்: பட்டறையைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். கைப்பிடியை எந்த இடத்தில், யார் செய்யப்போகிறார் என்று கேளுங்கள். “அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இத்தகைய தரகர்கள் கைதேர்ந்த ஓர் ஆசாரியிடம் நன்கு காய்ந்த மரத்தில் சாம்பிள் செய்து காட்டி ஆர்டரை வாங்கிவிட்டு, சரக்கைச் செய்யும் வேலையை எங்கே கூலி குறைவோ அங்கே கொடுத்துவிடுவார்கள். கைப்பிடி வெடித்துத் திரும்பி வரும்போது தரகர் பட்டறையைக் கைகாட்டுவார். பட்டறைக்காரருக்கோ உங்களை யாரென்றே தெரியாது.

சட்டமும் இந்த இடத்தில் உங்களுக்குப் பெரிதாக உதவாது. சரக்கு கொடுத்த சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் சொல்கிறது, அது நியாயம்தான். ஆனால் முன்பணம் கொடுத்து ஏமாந்த சிறு நிறுவனத்துக்கு அதைப்போல் விரைவான வழி எதுவும் அதில் இல்லை. வணிகத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் ஆணையம் பொதுவாக ஏற்பதில்லை. இருபதாயிரம் ரூபாய்க்காக ஒரு சிறு தொழில் செய்பவர் உரிமையியல் நீதிமன்றத்தின் படியேறிக் கொண்டிருக்க முடியுமா என்று, சிறுதொழிலை வளர்ப்பதாகச் சொல்லும் எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மரத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள். மாதம் 150 ஜோடிக்குத் தேவைப்படும் அளவு சிறியது. அறுத்த பலகையாக, பில்லுடன் வாங்கலாம். ஆந்திர எல்லை அருகில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: சிவப்பாக, கனமாக, மலிவாக ஒரு கட்டை பில் இல்லாமல் வந்தால் தொடவே தொடாதீர்கள். அது செம்மரமாக இருந்தால் உங்கள் தொழிலோடு முடியாது, வழக்கு வீடுவரை வரும்.

பலகையின் ஈரப்பதம் 12 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பலகையின் முனையும் மேற்பரப்பும் முதலில் காய்ந்துவிடும் என்பதால், ஈரப்பத மீட்டரை அங்கே வைத்துக் காட்டுபவரை நம்பாமல், பலகையை நடுவில் குறுக்கே அறுத்து அந்தப் புது முகத்தில் அளக்கச் சொல்லுங்கள். மீட்டர் இல்லையென்றால், நடுவிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடை போட்டு, நூறு டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலான சூட்டில் மின்சார ஓவனில் வைத்து, எடை மேலும் குறையாத நிலை வந்ததும் மறுபடி நிறுங்கள். 112 கிராம் 100 கிராமானால் ஈரம் 12 விழுக்காடு. ஐப்பசி மழையில் ஈரம் குடித்த மரத்தில் செய்த கைப்பிடி, சித்திரை வெயிலில் சுருங்கித் திருகாணி ஓட்டையிலேயே பிளக்கும்.

உங்கள் கைப்பிடி வளைவானது என்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே பலகையிலிருந்து அரைவட்டமாக அறுத்தெடுத்தால், மேல்வளைவில் நார் நீளவாக்கில் ஓடும். இரு கால்களிலும் குறுக்கே ஓடும். பையின் பாரம் அந்தக் கால்களில்தான் இழுக்கும், அங்கேயே ஒடியும். மெல்லிய பட்டைகளை வளைத்து ஒட்டிச் செய்யும் பட்டறையைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கைப்பிடியை நேரான கடைசல் கோலாக மாற்றி, இரு முனையிலும் தோல்வார் கோத்துக்கொள்ளலாம். இந்தக் கோலை எந்தக் கடைசல் பட்டறையும் சிறு எண்ணிக்கையில் செய்து தரும்.

நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால், மரத்தை டெலிவரி சலான் போட்டு ஜாப் ஒர்க்குக்கு, அதாவது உங்கள் பொருளில் கூலிக்குச் செய்து தரும் வேலைக்கு, அனுப்புங்கள். அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கொண்டு வரி கேட்பார்கள். இதில் ஒரு விலக்கைப் பலரும் கவனிப்பதில்லை. அளவு மாறாமல் செய்ய நீங்கள் கொடுக்கும் ஜிக்குக்கும் (மரத்தைப் பிடித்துக் கருவிக்கு வழிகாட்டும் சட்டம்), அச்சு, டை, கருவி போன்றவற்றுக்கும் திரும்ப வேண்டிய கெடு கிடையாது. இழைப்பு எந்திரம் போன்ற மூலதனப் பொருளை அனுப்பினால் மூன்றாண்டுக்குள் திரும்ப வேண்டும். ஜிக் அந்தக் கணக்கில் சேராது, எத்தனை ஆண்டானாலும் பட்டறையிலேயே இருக்கலாம். ஆகவே ஜிக் செய்யும் கூலியைத் தனியாகக் கொடுத்துப் பில் வாங்கி, அது உங்கள் பொருள் என்று சலானில் எழுதிவிடுங்கள். பட்டறை மாறும்போது உங்கள் அளவு உங்கள் கையிலேயே இருக்கும். தரகரால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு விலை பேச முடியாது.

முதலில் 20 ஜோடிக்கு மட்டும் ஆர்டர் கொடுங்கள். கூலியை, சோதித்துத் தேறிய ஜோடிக்கு மட்டும், சரக்கு வந்த வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். சிறு பட்டறைக்காரருக்கு முன்பணத்தைவிட அந்த உடனடிப் பணமே பெரிது.